கேஸ் குறையவில்லை, காற்றுதான் குறைந்தது

கோடை உச்சத்தில் எங்கள் வீட்டு சென்ட்ரல் ஏசி இரவு முழுக்க ஓடியும் அறைகள் 29 டிகிரியில் இருந்து இறங்கவில்லை. தெர்மோஸ்டாட்டை 24-ல் இருந்து 20-க்குக் குறைத்தேன். பலனில்லை. குளிர்காற்று வரும் கிரில் முன்னால் கையை வைத்தால் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் காற்று வந்தது.

உள் யூனிட் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். தரையில் தண்ணீர். பஞ்சு சுற்றிய தடித்த செப்புக்குழாயில், பஞ்சு விலகிய இடத்தில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. போனில் கேட்ட முதல் மெக்கானிக், பார்க்காமலே "கேஸ் ஏற்றணும்" என்றார். மனம் ஒப்பவில்லை. இன்னொருவரைக் கேட்டேன். வயதில் மூத்தவர். "கூலிங்கை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்க தம்பி. ஐஸ் உருகட்டும், காலையில் வருகிறேன்" என்றார். அன்றிரவு பழைய துண்டுகளைப் பிழிந்து பிழிந்து போட்டேன்.

காலையில் வந்தவர் முதலில் ஃபில்டரை உருவினார். சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல இருந்தது. மாற்றி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அப்புறம் வீட்டைச் சுற்றி நடந்தார். ஆள் இல்லாத இரண்டு அறைகளின் கிரில்களை, கரண்ட் மிச்சமாகும் என்று நான் மூடியிருந்தேன். ஹாலில் காற்று திரும்பிப் போகும் பெரிய கிரில்லை சோபா மறைத்திருந்தது.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஏசி புரிந்தது. இயந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை, வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. உள்ளே இருக்கும் காயிலில், அதாவது மடித்து மடித்து வைத்த குழாயில், திரவமாக வரும் கேஸ், அறைக்காற்றின் சூட்டை வாங்கிக் கொதித்து ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி வெளி யூனிட்டுக்கு அனுப்ப, அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. காயிலுக்குப் போதுமான காற்று வராவிட்டால் கேஸ் வாங்கிக்கொள்ளச் சூடு இல்லை. காயில் 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். காற்றின் ஈரம் அதன்மேல் தண்ணீராகச் சொட்டுவதற்குப் பதில் உறைந்துவிடும். அந்த ஐஸ் மிச்சமிருக்கும் காற்றையும் அடைத்துவிடும்.

"கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர? லீக் இருந்தால்தான் குறையும்" என்றவர், மீட்டர் போட்டும் காட்டினார். அளவு சரியாகவே இருந்தது. கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், அதனால் முதலில் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் கேஸுக்குப் போகணும் என்பது அவர் பழக்கம்.

புது ஃபில்டர் போட்டு, கிரில்களைத் திறந்து, சோபாவை நகர்த்தினோம். பாசி அடைத்த டிரெயின் குழாயையும் சுத்தம் செய்தார். அரை மணி நேரம் ஓடிய பின், திரும்பும் காற்று 27 டிகிரி, அறைக்குள் வரும் காற்று 17. இந்த வித்தியாசம் 8 முதல் 11 டிகிரி வரை இருந்தால் நல்லதாம்.

மாடி அறை மட்டும் இன்னும் குளிரவில்லை. ஃபால்ஸ் சீலிங் பலகையை நீக்கிக் கையை உள்ளே விடச் சொன்னார். காற்றை அறைக்குக் கொண்டுபோகும் டக்ட் குழாயின் இணைப்பு ஒன்று வாய் பிளந்திருந்தது. ஜில்லென்ற காற்று அத்தனையும் என் முழங்கைக்கு மேல் பாய்ந்து, ஆளில்லாத கூரை இடுக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. துணி டேப் சீக்கிரம் காய்ந்து உரிந்துவிடும் என்று அலுமினிய டேப்பால் சுற்றி அடைத்தார். அன்றிரவு அந்த அறையில் போர்வை தேவைப்பட்டது.