கொல்லைப்பக்கம் ஃபெடரல், வாசல்பக்கம் மாநிலம்: எடிசனில் வேலி போட்ட கதை

நியூ ஜெர்சி எடிசன் பக்கம் வீடு வாங்கும் நம்ம ஆட்கள் பள்ளிக்கூடம், ரயில் நிலையம், சொத்து வரி எல்லாம் துருவித் துருவி விசாரிப்பார்கள், கொல்லையில், மண்ணுக்கடியில் கேஸ் குழாய் போகிறது என்று காட்ட நிற்கும் மஞ்சள் கம்பத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒன்று நிற்கிறது. வேலி போடலாம் என்று கிளம்பியபோதுதான் அது யாருடைய பொறுப்பு என்ற கேள்வியே வந்தது.

டவுன்ஷிப்பில் பெர்மிட் கேட்டால், சர்வே படத்தைப் பார்த்துவிட்டு, ஈஸ்மென்ட் (நம் நிலத்தில் குழாய்க் கம்பெனிக்கு உரிமை உள்ள பட்டை) போகிறது, கேஸ் பைப்லைன் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள். அதோடு இன்னொரு தலைவலி. ஒரு பெரிய மழைக்கு அப்புறம் அந்தக் குழாய் போகும் தடத்தில் மண் இறங்கி, கால் புதைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இன்றைய விதிப்படி எங்கள் மாதிரி வீடுகள் நெருங்கிய இடத்தில் இப்படிப்பட்ட குழாயைப் பதிக்கும்போது சாதாரண மண்ணில் 36 அங்குலம் மூடியிருக்க வேண்டும். ஆனால் அது பதிக்கும்போது உள்ள கணக்கு. பிறகு மழை அரித்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியே நின்று பார்க்கிற நமக்கு எப்படித் தெரியும்? கம்பத்தில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன், குறித்துக்கொண்டார்கள், ஆள் வரவில்லை.

சரி, மாநிலத்தில் கேட்போம் என்று பொதுப் பயன்பாட்டு வாரியத்துக்கு, அதாவது பி.பி.யூ.வுக்கு, போன் போட்டேன். அந்த அம்மா பள்ளத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “கம்பத்தில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது?” என்றுதான் முதல் கேள்வி. சொன்னதும், “அது இன்டர்ஸ்டேட் லைன், நாங்கள் உத்தரவு போட முடியாது, ஃபிம்சாவிடம் போங்கள்” என்றார். இன்டர்ஸ்டேட் என்றால் மாநிலம் தாண்டிப் போவது, ஃபிம்சா என்றால் பைப்லைன் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு. உங்கள் வீட்டு வாசலில் வரும் சின்னக் குழாய் என்றால் எங்களிடம் வரலாம் என்றும் அந்த அம்மா சேர்த்துச் சொன்னார்.

இந்தப் பிரிவினைக்கு வேர் 1968-ஆம் ஆண்டு பைப்லைன் பாதுகாப்புச் சட்டம். குறைந்தபட்ச விதிகளை மத்திய அரசு எழுதும், இப்போது அதைச் செய்வது போக்குவரத்துத் துறையின் கீழ் உள்ள ஃபிம்சா. மாநிலத்துக்குள்ளேயே அடங்கும் குழாய்களை, ஆண்டுதோறும் சான்று கொடுத்துவிட்டு, மாநிலமே கண்காணிக்கலாம். அதற்கு ஆகும் செலவில் 80 சதவீதம் வரை மத்திய அரசு திருப்பித் தரலாம். அலாஸ்காவும் ஹவாயும் மட்டும் இந்த ஏற்பாட்டில் இல்லை. தன் எல்லைக்குள் அடங்கும் குழாய்க்கு மாநிலம் இன்னும் கடுமையான விதி வைக்கலாம், ஆனால் மாநிலம் தாண்டிப் போகிற குழாயின் பாதுகாப்பு விதியில் அது கை வைக்க முடியாது. சில மாநிலங்கள் ஃபிம்சாவின் ஏஜென்ட்டாக அதையும் போய்ப் பார்க்கின்றன, பார்த்தாலும் அபராதம் போடுவது ஃபிம்சாதான். நடுவில் ஃபெர்க் என்று இன்னொன்று வேறு. அது புதுக் குழாய் எந்த வழியாகப் போகலாம் என்று அனுமதி கொடுக்கும் ஆணையம், ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் கோளாறு என்று அங்கே போய்ப் பயனில்லை.

குழாயின் பருமனை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். 2010-இல் கலிஃபோர்னியா சான் புருனோவில் வெடித்து 8 பேரைக் கொன்றது 30 அங்குலக் குழாய், ஆனால் மாநிலத்துக்குள் அடங்கியது என்பதால் கேள்வி கேட்க வேண்டியிருந்தது மாநில ஆணையம். பி.ஜி. அண்ட் ஈ. கம்பெனிக்கு 1.6 பில்லியன் டாலர் தண்டம் விதித்ததும் அதுதான். எங்கள் எடிசனிலேயே 1994 மார்ச் 23 இரவு, டர்ஹம் வுட்ஸ் குடியிருப்புக்குப் பக்கத்தில் 36 அங்குல இன்டர்ஸ்டேட் குழாய் வெடித்து எட்டுக் கட்டிடங்கள் நாசமாயின. கேஸை நிறுத்தவே இரண்டரை மணி நேரத்துக்குக் கிட்ட ஆனது. முன்பு எப்போதோ யாரோ தோண்டும்போது கீறிவிட்டுப் போன இடம்தான் பிளந்தது. தோண்டுவதற்கு முன் தகவல் சொல்ல வேண்டும் என்று நியூ ஜெர்சி சட்டம் போட்டதும் அதே வருடம்தான்.

ஃபிம்சாவின் கிழக்கு மண்டல அலுவலகம் வெஸ்ட் ட்ரென்டனில், நம்ம மாநிலத்திலேயே இருக்கிறது. பொதுமக்களிடம் பேசுவதற்கென்றே கம்யூனிட்டி லியேசான் என்று ஆட்கள் வைத்திருக்கிறார்கள். பள்ளத்தின் படங்களையும் கம்பத்தில் இருந்த விவரங்களையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் போட்டவர் நிதானமாகப் பேசினார், பயமுறுத்தவும் இல்லை, மழுப்பவும் இல்லை. அதற்குப் பிறகு கம்பெனி ஆள் வந்துவிட்டார். கையில் ஒரு நீளமான இரும்புக் கம்பி, அதை மண்ணில் மெதுவாக இறக்கி ஆழம் பார்த்தார், குழாய் போகும் தடம் நெடுக மஞ்சள் பெயின்ட் அடித்துச் சின்னக் கொடிகள் நட்டார். மண் போட்டு மூடியது அப்புறம் வேறொரு குழு.

கடிதமும் கிடைத்தது. ஈஸ்மென்டுக்குள் ஒரு தூண்கூட வரக்கூடாது, ஓரத்தில் குழி எடுப்பதென்றாலும் தோண்டுவதற்கு முன் தகவல் சொல்லும் 811 எண்ணுக்குச் சொல்லிவிட்டு, தங்கள் ஆள் நிற்கும்போதுதான் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை. இங்கே மூன்று வேலை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், காசு கிடையாது. வேலி நான் நினைத்ததைவிட நன்றாக உள்ளே தள்ளி வந்துவிட்டது, கொல்லையில் ஒரு பெரிய துண்டு வேலிக்கு வெளியே. அதற்கும் வரி நான்தான் கட்டுகிறேன்.

வாசல்பக்கம் ஒன்று சொல்லிவிடுகிறேன். மீட்டர் வரைக்கும் வரும் குழாய் கேஸ் கம்பெனியுடையது, அதன்மேல் புகார் என்றால் பி.பி.யூ. மீட்டருக்கு அந்தப்பக்கம் வீட்டுக்குள் ஓடுவது நம்முடையது, அதற்கு டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர். கேஸ் வாடை அடித்தால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், வீட்டை விட்டு வெளியே போய் 911-க்கு அடியுங்கள்.