உப்புக் காற்றும் வீல் போல்ட்டும்

தூத்துக்குடி உப்பளச் சாலையில் தினமும் ஓடுகிறது என் பழைய போலோ கார். இந்தக் காற்றில் வீல் போல்ட்டுகள் துருவேறி இறுகிவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மரையின் இடைவெளியை அடைத்துக்கொள்கிறது.

துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே தெளித்துவிடுகிறேன். பிரேக் டிஸ்கில் ஒரு சொட்டும் படக்கூடாது. காலையில், ஜாக்கி வைக்குமுன், சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆறு முனை சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும். பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டவே வேண்டாம், போல்ட்டின் தலையை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் இம்மி அசைத்துவிட்டுப் பிறகு கழற்றினால் துருவின் பிடி விடும். ஸ்பேனர்மேல் ஏறி மிதிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

கழற்றிய மரைகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, உலர்ந்தபடியே மாட்டுகிறேன். கிரீஸ் பூசினால், உலர்ந்த மரைக்கான அதே 120 நியூட்டன் மீட்டர் முறுக்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.