ஆறடி பத்தங்குலத்தில் ஒரு வீடு

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் எனும் ஒடுங்கிய, நீண்ட வீட்டுப் படகை ஜூன் மாதம் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கூரைமேல் பூந்தொட்டி, கரையில் வாத்துக்குஞ்சுகள், இரவு பத்து மணிக்கும் மிச்சமிருக்கும் வெளிச்சம். வாங்கிக் குடியேறலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஜனவரியில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்ப்பது நல்லது. குளிர்காலத்திலும் வாடகைக்கு விடுபவர்கள் சிலர் இருக்கிறார்கள். படகை விற்றுவிட்டுக் கரையேறுகிறவர்களைக் கேட்டால் இட நெருக்கடியைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். கரி, தண்ணீர், கழிவு, மின்சாரம் இந்த நான்கையும் கையால் சுமந்து, கணக்குப் பார்த்து, மழையில் நனைந்தபடி கவனிப்பதுதான் அலுத்துப்போகிறது.

படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். இதற்குக் காரணம் லாக். கால்வாய் மேடேறும் இடத்தில் முன்னும் பின்னும் கதவு போட்டு, நடுவே படகை நிறுத்தி, தண்ணீர் விட்டு உயர்த்தும் கல்தொட்டி அது. 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி வகுத்த மத்திய இங்கிலாந்துக் கால்வாய்களில் அதன் அகலம் ஏறத்தாழ 7 அடி, இன்றும் அதே. சுவரின் இன்சுலேஷனும் பலகையும் போக உள்ளே ஆறடி தேறும். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குளியலறைக்குள் ஒதுங்கி வழிவிட வேண்டும். நீளம் உங்கள் விருப்பம், 70 அடிவரை கிடைக்கும். ஆனால் வடக்கே கால்டர் அண்ட் ஹெப்பிள், லீட்ஸ் அண்ட் லிவர்பூல் கால்வாய்களின் லாக்குகள் குட்டையானவை. ஊர் ஊராகச் சுற்ற நினைப்பவர்கள் 57 அடியோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

குளிருக்கு வருவோம். படகு எஃகுப் பெட்டி. கரி அடுப்பு எரிந்தால் ஒரு மணி நேரத்தில் பனியனோடு உட்காரலாம். அணைந்தால் விடிவதற்குள் மூச்சு புகையாகத் தெரியும். இங்கிலாந்தில் வீட்டில் எரிக்கும் சாதாரண நிலக்கரியை விற்கத் தடை இருப்பதால் எல்லோரும் புகையில்லாக் கரிக்கட்டிதான் எரிக்கிறார்கள். கடுங்குளிரில் 10 கிலோ மூட்டை ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் வரும். இரவு முழுக்கத் தணலைக் காப்பது தனிக் கலை. படுக்கப்போகும் முன் கம்பித்தட்டை ஆட்டிச் சாம்பலை உதிர்த்து, சாம்பல் தட்டைக் காலி செய்து, கரியை நிறைத்து, பத்து நிமிடம் நன்றாகப் பற்றவிட்டு, பிறகுதான் கீழ்க் காற்றுவழியை ஒரு நூல் அளவு விட்டு மூட வேண்டும். அவசரப்பட்டு உடனே மூடினால் கரி பற்றாமல் அணைந்துபோகும், கண்ணாடியும் கறுத்துவிடும். கதவைச் சுற்றியுள்ள கயிற்று அடைப்பு நைந்துபோயிருந்தால் நீங்கள் மூடியும் காற்று உள்ளே புகும். விடிகாலை மூன்று மணிக்கே கரி தீர்ந்துவிடும்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. எடுத்த சாம்பலை உள்ளே வைக்காதீர்கள். ஆறிப்போனதுபோல் தெரியும் சாம்பலுக்குள் தணல் இருக்கும், அது கார்பன் மோனாக்சைடு விடும். வாசனை கிடையாது. கூரையில் உள்ள காளான் வடிவக் காற்றுத் துளைகளில் குளிருக்குத் துணி அடைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போனதுண்டு. படுக்கும் இடத்தருகே அலாரம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.

ஈரம் இன்னொரு எதிரி. இரண்டு பேர் மூச்சு, ஒரு குக்கர் விசில், உலர்த்திய துணி, எல்லாமே குளிர்ந்த ஜன்னல் சட்டத்தில் நீராக இறங்கும். நம் சமையலில் ஆவி அதிகம் என்பதால் இது கூடுதலாகவே தெரியும். மெத்தை நேரடியாகப் பலகைமேல் கிடந்தால் ஒரு குளிர்காலத்தில் அடிப்பக்கம் பூசணம் பூக்கும். அடியில் காற்று போக சட்டமோ, வலைப்பின்னல் விரிப்போ கட்டாயம். சமைக்கும்போது குளிரானாலும் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள்.

மின்சாரம்தான் புதியவர்களை ஏமாற்றும். 110 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி நான்கு இருந்தால் 440 என்று கணக்குப் போடுவார்கள். அதில் பாதியைத்தான் தொடலாம். ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் முழுசு, 12.2-க்கு வந்தால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினாலோ, முழுசாக ஏற்றாமல் நாள்கணக்கில் விட்டாலோ தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, இரண்டே வருடத்தில் பேட்டரி செத்துவிடும். தினம் ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட்டினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. முதல் 80 விழுக்காடு வேகமாக ஏறும். கடைசி 20-க்கு அதே அளவு நேரமோ அதற்கு மேலோ ஆகும். பலரும் அந்தக் கடைசிப் பகுதியை ஏற்றுவதே இல்லை. நின்ற இடத்தில் எஞ்சின் ஓட்டக் காலை 8 முதல் இரவு 8 வரைதான் அனுமதி. சோலார் பலகைகள் கோடையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். டிசம்பரில் ஜூனில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. லித்தியம் பேட்டரிக்கு மாறினால் பாதியைத்தான் தொடலாம் என்ற கணக்கு ஒழியும். ஆனால் அது கேட்கும் கரண்டை எல்லாம் கொடுக்கப்போய், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும்; நடுவில் கரண்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் போடாமல் மாற்றாதீர்கள்.

நம் வீட்டுக் கணக்கு ஒன்று. 750 வாட் மிக்ஸியை இன்வெர்ட்டரில் ஐந்து நிமிடம் ஓட்டினால் பேட்டரியில் 6 ஆம்பியர்-மணி குறையும். 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிடம் ஓடினால் 9 முதல் 10. பயப்பட ஒன்றுமில்லை, மத்தியானம் வெயில் இருக்கும்போது அரைத்துவிட்டால் சரி. மாவு புளிக்க அடுப்புக்கு எதிரே உள்ள அலமாரியைவிட நல்ல இடம் இங்கிலாந்திலேயே கிடையாது. கேஸ் மட்டும் புரோபேனாக வாங்குங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி வந்தாலே ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டரில் கேஸ் இருக்கும், அடுப்பில் வராது.

தண்ணீர்த் தொட்டி படகின் முன்முனையில், 400 முதல் 600 லிட்டர். சிக்கனமாக இருந்தால் இருவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரும். நிரப்பும் குழாய் எல்லா இடத்திலும் இல்லை. வேகமும் குழாய்க்குக் குழாய் மாறும், ஒரு மணி நேரம் நிற்க வேண்டிவரலாம். தொட்டி குறையக் குறைய முன்பக்கம் எடை இழந்து மேலே எழும்பும். தொட்டி நிறைந்திருக்கும்போது ஒழுங்காக வடிந்த குளியலறைத் தட்டில், வார இறுதியில் எதிர் மூலையில் தண்ணீர் தேங்கும். தண்ணீர் தீரப்போகிறது என்பதை மீட்டரைவிட இது முன்னாடியே சொல்லிவிடும்.

கழிப்பறைப் பேச்சு படகுக்காரர்கள் கூடும் இடத்தில் ஓயவே ஓயாது. கேசட் வகையில் சுமார் 20 லிட்டர் பெட்டி; இருவருக்கு இரண்டு மூன்று நாள். நிறைந்ததும் கையில் தூக்கிப்போய் எல்சான் பாயின்ட் எனும் கழிவுத்தொட்டியில் கொட்டிக் கழுவ வேண்டும். பம்ப்-அவுட் வகையில் பெரிய தொட்டி, சில வாரங்கள் கவலையில்லை; பிறகு கழிவை உறிஞ்சி எடுக்கும் இடத்துக்குப் படகையே ஓட்டிப்போக வேண்டும். ஆனால் கால்வாய் உறைந்து படகு நகர முடியாதபோது தொட்டி நிறைந்தால் செய்ய ஒன்றுமில்லை. எங்கள் பரிந்துரை கேசட்டும் ஒரு கூடுதல் பெட்டியும். பனியில் நடந்தாவது கொட்டிவிட்டு வரலாம்.

ஏப்ரல் வந்தால் இதெல்லாம் மறந்துபோகும். வேக வரம்பு மணிக்கு 4 மைல்; நின்றிருக்கும் படகுகளைக் கடக்கையில் அதுவும் கிடையாது, எஞ்சின் சும்மா சுற்றும் வேகம்தான். பயணக் கணக்கு எளிது: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி. 9 மைல், 6 லாக் என்றால் ஐந்து மணி நேரம். சமையலறை ஜன்னலில் இன்று ஆலமரம்போல் கிளை விரித்த ஓக், அடுத்த வாரம் பழைய பஞ்சாலைச் சுவர். வேல்ஸில் போன்ட்கசிள்த்தே நீர்ப்பாலம் இருக்கிறது. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805-இல் திறந்தது. ஆற்றுக்கு மேல் 38 மீட்டர் உயரத்தில் இரும்புத் தொட்டியில் படகு போகும். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும். மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும். சுக்கானில் நிற்பவருக்குக் காலடியில் காற்றுதான்.

லாக்கில் கவனம் தேவைப்படுவது இறங்கும்போது. மேல் கதவின் அடியில் கல் வாசற்படி ஒன்று உள்ளே நீண்டிருக்கும். நிறைந்த தண்ணீரில் அது தெரியாது. பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்முனை, சுக்கானோடு, அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வடிய வடியப் பின்பக்கம் படியில் உட்கார்ந்துகொள்ள, முன்பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே புகும். படகு முழுக சில நிமிடம் போதும். அப்படி நடந்தால் செய்ய வேண்டியது முதலில் கீழ்க் கதவின் மதகுகளை இறக்கி மூடுவது. பிறகு மேல் மதகை மெதுவாகத் திறந்து நிரப்புவது. மதகு சுற்றும் கைப்பிடியோடு கரையில் நிற்பவர் போனைப் பார்க்காமல் படகைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த விபத்தே நடக்காது. கயிற்றையும் இறுக்கிக் கட்டாதீர்கள், ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்தால் போதும்.

ஊர் நடுவே போகும்போது படகு திடீரென்று திணறி, எஞ்சின் இரைந்து, புகை கறுத்தால் ப்ரொப்பெல்லரில் ஏதோ சிக்கியிருக்கிறது. எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போடுங்கள். பின்பக்கம் வீட் ஹாட்ச் என்ற மூடியைத் திறந்து கையை உள்ளே விட வேண்டும். பிளாஸ்டிக் பை எளிது, கம்பி சிரமம், துணிதான் மோசம். ஈரத்தில் முறுக்கேறிக் கல்போல் இறுகிவிடும். ரொட்டி வெட்டும் பல்கத்தியும் சின்ன ஹேக்ஸாவும் அருகிலேயே இருக்கட்டும். மேற்கு லண்டனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சவுத்தாலை ஒட்டி ஓடும் கிராண்ட் யூனியன் கால்வாயில் பூஜைத் தேங்காய் மிதந்துவரும். அவை உருண்டு விலகிவிடும், கூடவே விட்ட பட்டுத்துணி விலகாது. கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள், எலிக்காய்ச்சல் இங்கும் உண்டு. மூடியைத் திரும்ப வைத்து, இறுக்கி, மெதுவாக எஞ்சினைக் கிளப்பி நீர் கசிகிறதா என்று பார்த்த பிறகே வேகமெடுக்க வேண்டும். சரியாக மூடாத ஹாட்சால் மூழ்கிய படகுகள் ஏராளம்.

சட்டப்படி இரண்டே வழி. படகைக் கட்டிவைக்க நிரந்தரப் படகுத்துறை ஒன்றுக்கு வாடகை கட்டலாம். அல்லது 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்காமல் ஆண்டு முழுதும் நகர்ந்துகொண்டே இருக்கலாம். இரண்டாவது மலிவு என்று நினைத்து வருபவர்கள் நிறைய. கால்வாய்களை 2012 முதல் நடத்தும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட், துறை இல்லாத படகுகளுக்கு 2024 முதல் கூடுதல் உரிமக் கட்டணம் வாங்குகிறது. பள்ளி செல்லும் பிள்ளையோ தினம் அலுவலகமோ இருந்தால் இந்த நகர்வு பெரும் பாடு. துறை கிடைத்தாலும் குடியிருக்க அனுமதி உள்ளதா என்று எழுத்தில் கேளுங்கள். பல துறைகள் பொழுதுபோக்குக்கு மட்டுமே. நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்ப்புக்கென்று லாக்குகளை மூடுவார்கள். அட்டவணை பார்க்காமல் போனால் இரண்டு மூடிய லாக்குகளுக்கு நடுவே வாரக்கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு குறுகிய லாக் ஒருமுறை இறங்க ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். மழை பொய்த்த 2025 கோடையில் பல கால்வாய்களில் பாதை அடைபட்டதும் இதனால்தான்.

வாங்குவது என்று முடிவானால், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிச் சர்வே எடுக்காமல் பணம் கொடுக்காதீர்கள். புதிதாகக் கட்டியபோது அடித்தகடு வழக்கமாக 10 மில்லிமீட்டர், பக்கம் 6, மேற்கூடு 4. சர்வேயர் அல்ட்ராசவுண்ட் கருவியால் அடியெங்கும் அளப்பார். 4-க்குக் கீழே மெலிந்த இடம் இருந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் தகடு ஒட்டச் சொல்லும், அதற்கே ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகும். அடியில் தார்ப்பூச்சு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பூச வேண்டும். துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியக் கட்டிகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்றும் பாருங்கள். கரை மின்சாரத்தில் கட்டிக்கிடந்த படகாக இருந்து, கரைக் கம்பி வழியே வந்து உலோகத்தை அரிக்கும் மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் இல்லாமலிருந்தால், கட்டிகள் சீக்கிரமே தீர்ந்து தகட்டில் குழி விழுந்திருக்கும். விற்பவர் போன வருடம் எடுத்த சர்வே இருக்கிறது என்று ஒரு கோப்பை நீட்டுவார். அது அவருக்காக எழுதிக் கொடுத்தது. தவறாக இருந்தாலும் அந்தச் சர்வேயரை நீங்கள் கேள்வி கேட்க முடியாது. உங்கள் செலவில் உங்கள் ஆளை வரவழையுங்கள், அவர் அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.