பயப்படுகிற நாளில் மூன்று இடங்கள்

தாவீது பயந்தவன். காத் ஊரில் பெலிஸ்தர் கையில் சிக்கியபோது பாடியதாகச் சொல்லப்படும் 56-ஆம் சங்கீதத்தில் அதை அவன் மறைக்கவே இல்லை. “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்கிறான். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கிய வசனம்தான் எனக்கு. ஆனால் கழுத்தில் ஒரு கட்டி, அதை அறுத்து எடுத்துப் பரிசோதித்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லி, ராத்திரித் தூக்கம் போன பிறகுதான் அது உள்ளே இறங்கியது. பயம் விட்டுப் போகட்டும், அப்புறம் நம்பலாம் என்று அவன் காத்திருக்கவில்லை. பயப்படுகிற அதே நாளில் நம்புகிறான்.

என் பெரியம்மா பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள், டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். விஷயம் தெரிந்ததும் போன் செய்தார்கள். “ஆபரேஷனுக்கு முன்னால ஒரு நாள் கிளம்பி வா. மூணு இடம் காட்டணும்.”

“எங்கயும் வரத் தெம்பில்ல பெரியம்மா. பயமா இருக்கு.”

“இருந்தா இருக்கட்டும் ஏட்டி. அதையும் வண்டியில ஏத்திக்கிட்டு வா.”

பாளையங்கோட்டை என்றாலே எல்லோருக்கும் ஊசிக் கோபுரம்தான். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-ல் எழும்பிய ஆலயம் அது. பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேரே பாப்பாத்தியம்மாள் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். கிளாரிந்தா அம்மாள் கட்டிய கோயில் என்பதால் அந்தப் பெயர். தஞ்சாவூரில் இருந்த பிராமண விதவை அவர். கணவனின் சிதையில் ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். ஞானஸ்நானம் கேட்டார், ஆனால் திருமணமாகாமல் அந்த அதிகாரியோடு வாழ்ந்ததால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்க மறுத்துவிட்டார். அதிகாரியும் இறந்துபோன பிறகு, 1778-ல்தான் அது கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். பிறந்த குலம் சேர்க்காது. காப்பாற்றியவர் இல்லை. சபையோ ஒரு முறை கதவை மூடியிருந்தது. அந்த நிலையில் இருந்த ஒரு பெண் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு ஜெபித்தார். 1780-ல் எழுதிய சபைப் பதிவில் 40 பேர் இருக்கிறார்கள். 1785-ல் கோயிலே எழும்பிவிட்டது. அங்கே முழங்காலில் நின்றபோது எனக்குப் பெரிய ஆறுதல் ஒன்றும் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “வா, நேரமாச்சு” என்றார்கள் பெரியம்மா. கிளம்பினோம்.

நாங்குநேரி தாண்டி மேற்கே திரும்பினால் மலை நம்மோடு வந்துகொண்டே இருக்கிறது. அந்த மலையடிவாரத்தில்தான் டோனாவூர். ரேனியஸ் ஐயரின் ஊழியத்துக்குப் பணம் அனுப்பிய டோனா பிரபுவின் பெயரைத் தாங்கிய ஊர். ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளை வளர்த்த இல்லம் இங்கேதான். முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்ததால் உள்ளே விட்டார்கள். வயதான ஒரு அம்மா எங்களோடு நடந்து வந்தார்கள்.

ஏமி அம்மையார் 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான், 55 வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குப் போகவில்லை. 1901-ல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி தேவதாசியாக்க வைத்திருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி, பண்ணைவிளையில் இவரிடம் வந்து சேர்ந்தாள். அப்புறம் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள், எல்லோருக்கும் இவர் அம்மா ஆனார். இவ்வளவும் நான் கேட்டு வளர்ந்த கதை. கேட்டிராதது, அவர் பட்ட பயம். குழந்தையைக் கடத்தியதாக வழக்கு வந்தது. தீர்ப்பு எதிராகப் போனால் ஏழு வருஷம் சிறை. தனக்குச் சிறை என்பதைவிட, ஒப்புவிக்கச் சொன்னால் அந்தப் பிள்ளையின் கதி என்ன என்பது எவ்வளவு பெரிய பாரம்! 1914-ல் வழக்கு தள்ளுபடி ஆகும்வரை அந்தக் கத்தி தலைக்கு மேல்தான் தொங்கியது. அவ்வளவு நாளும் குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச வேண்டும், தலை வார வேண்டும், அவர்களோடு பாட வேண்டும். பயம் ஒரு பக்கம் இருக்க, பாட்டை அவர் நிறுத்தி வைக்கவில்லை. எனக்கு அங்கேதான் கண் கலங்கியது. கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து என் வீட்டில் குடும்ப ஜெபத்தில் பாட்டே இல்லாமல் போயிருந்தது.

கூட வந்த அம்மா ஒரு விஷயம் சொன்னார்கள். டோனாவூரில் பிள்ளைகளுக்கு ‘வந்த நாள்’ கொண்டாடுவது வழக்கம். “நான் பிறந்த நாள் எனக்குத் தெரியாதும்மா. வந்த நாள் தெரியும். அன்னைக்குத்தான் எனக்குப் பூவும் பாட்டும்” என்று அவர்கள் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அநாதை என்று ஊர் சொல்லியிருக்கக்கூடிய ஒருவரின் முகம் அது. அதில் குறை என்பதன் நிழல்கூட இல்லை.

1931-ல் களக்காட்டில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனபோது, இருட்டில் குழிக்குள் விழுந்தார் ஏமி அம்மையார். அதன் பிறகு 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். படுத்தபடியே எழுதினார், எழுதிக் குவித்தார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தார்கள். பெரியம்மா அதன் பக்கத்தில் நின்று, என் கழுத்தில் கை வைத்து, சத்தமாக ஜெபித்தார்கள். சுகம் கேட்டார்கள். சுகத்துக்கு முன்னால் சந்தோஷம் கேட்டார்கள்.

அப்புறம் வள்ளியூர், பணகுடி வழியாக வடக்கன்குளம். வழியெல்லாம் காற்றாலைகள். நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை, வடக்கன்குளம் கத்தோலிக்க ஊர். “ரத்தசாட்சிக்குச் சபைப் பிரிவு கிடையாது” என்பது பெரியம்மாவின் கட்சி. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

திருவிதாங்கூர் அரண்மனை ஊழியத்தில் இருந்த நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று இந்த ஊரில்தான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்காகவே 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம். இதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். நான் நினைத்துக்கொண்டிருந்தது அவர் மனைவி ஞானப்பூ அம்மாளை. திருவிதாங்கூரில் இருந்தால் ஆபத்து என்று அஞ்சி இங்கே வந்து தங்கியவர் அவர். மலையில் நின்று துப்பாக்கியைப் பார்க்கும் தைரியம் ஒரு வகை. பயந்து, ஊர் மாறி, ஆனாலும் விசுவாசத்தை விடாமல் ஒவ்வொரு விடியலிலும் எழுந்து அடுப்பு பற்றவைப்பது வேறொரு வகை. இரண்டாவதைப் பற்றி நம் பிரசங்கங்களில் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

இதே ஊர்க் கோயிலுக்குள் ஒரு காலத்தில் சாதி பிரித்து நின்ற சுவரை 1910-ல் இடித்தார்கள். தாழ்ந்தவர் என்று தள்ளப்பட்டவர்களோடு பழகியதைத் தேவசகாயத்தின் குற்றமாகச் சொன்னார்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே அப்படி ஒரு சுவர் எழும்பியது என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. இடித்தவர்களுக்கு ஸ்தோத்திரம்.

திரும்பும்போது பெரியம்மா ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தார்கள். இரண்டாம் சரணத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். குரல் கரகரத்தது, ஆனால் நிறுத்தவில்லை. டீ குடிக்க நாங்குநேரியில் இறங்கியபோது என் கணவருக்குப் போன் செய்து, எங்கள் ஊர்ச் சபையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்கு நம் பெயரில் ஒரு மூட்டை அரிசி எழுதிவிடச் சொன்னேன். அசனம் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் வருகிறது.

“பொருத்தனையா?” என்று கேட்டார்கள் பெரியம்மா. சுகமானால் கொடுப்பேன் என்று நேர்ந்துகொண்டேனோ என்று.

“இல்ல பெரியம்மா, ஸ்தோத்திர காணிக்கை. ரிசல்ட் எப்படி வந்தாலும் அரிசி உண்டு.”

“அப்போ ரெண்டு மூட்டையா எழுதச் சொல்லு” என்றார்கள், “ஒண்ணு என் கணக்கு.”