பிசினஸ் கிளாஸுக்கு விலை கேட்டுப் பார்த்தேன்

எகானமியில் டிக்கெட் போட்ட கொஞ்ச நாளில் "பிசினஸ் கிளாஸுக்கு நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்" என்று விமான நிறுவனத்திடமிருந்து மெயில் வரும். விளம்பரம் என்று நினைத்துப் பலர் அழித்துவிடுவார்கள், ஆனால் அது நிஜமாகவே ஏலம்தான். இந்த முறை நானும் மனைவியும் போன பயணத்தில் அதில் இறங்கிப் பார்த்தோம். போகும்போது கிடைத்தது, திரும்பும்போது கிடைக்கவில்லை.

ஏலம் என்றதும் யாரோ கூவுவார்கள், நாம் ஏற்றிக் கேட்கலாம் என்று நினைக்க வேண்டாம். இது மூடிய உறைக்குள் விலை எழுதிப் போடுகிற டெண்டர் மாதிரி, மற்றவர்கள் என்ன கேட்டார்கள் என்று கடைசிவரை தெரியாது. ஒரு காலத்தில் டிக்கெட்டையே இப்படி வாங்க முடிந்தது. பிரைஸ்லைன் என்கிற பயண இணையதளம் 1998-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த முறை அது, விமான டிக்கெட்டுக்கு 2016-இல் நிறுத்திவிட்டார்கள். அதில் எந்த நிறுவனம், எத்தனை மணிக்கு விமானம் என்பதே பணம் போன பிறகுதான் தெரியும்! அதோடு பார்த்தால் இது எவ்வளவோ தேவலை. கையில் உறுதியான டிக்கெட் இருக்கிறது, கிடைக்காவிட்டால் பழைய சீட்டில் போகப் போகிறோம், அவ்வளவுதான்.

மெயில் வராவிட்டாலும் நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆர் எண்ணையும் கடைசிப் பெயரையும் போட்டுப் பார்க்கலாம். ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கு மெயில் வராமல் போவது சகஜம். ஒரு நிறுவனத்தில் டிக்கெட் வாங்கி இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏறுகிற கோட்ஷேர் டிக்கெட் என்றால் பெரும்பாலும் ஏலமே கிடையாது.

பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஸ்லைடர், மேலே அரை வட்டமாக ஒரு மீட்டர். இழுக்க இழுக்க முள் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும் அப்புறம் பச்சைக்கும் போகும். பச்சைக்கு வந்தால் சீட்டு நிச்சயம் என்று அர்த்தம் இல்லை, ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் தள்ளலாமே என்று கை துறுதுறுக்கும், அதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். காட்டுகிற தொகை தலைக்கு, அதுவும் ஒரு விமானத்துக்கு மட்டும். ஒரே பிஎன்ஆரில் இரண்டு பேர் என்றால் தொகையும் இரண்டு மடங்கு, எனக்கு மட்டும் போதும் என்று பிரித்துக் கேட்க முடியாது.

அதனால் ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டேன். அதே விமானத்தில் பிசினஸ் கிளாஸ் அன்றைக்கு என்ன விலை என்று பார்த்து, நாங்கள் கொடுத்த எகானமி விலையை அதிலிருந்து கழித்தேன். அந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு பைசா கூடாது என்பது நானாக வைத்துக்கொண்ட வரம்பு. ராத்திரி முழுக்கப் பறக்கும் நீண்ட விமானத்துக்கு மட்டும் கேட்டேன். குட்டிப் பயணத்தில் படுக்கிற சீட்டு கிடைத்து என்ன செய்ய, சாப்பாட்டுத் தட்டை எடுப்பதற்குள் இறக்கிவிடுவார்கள். குறைந்தபட்சத் தொகையில் பலரும் நிற்பார்கள் என்று நினைத்து, அதற்கு மேலே சற்றுத் தள்ளி, முழு எண்ணாக இல்லாமல் ஒரு தொகை போட்டேன். எந்தெந்தச் சீட்டு காலி என்று தளத்தில் காட்டும் சீட் மேப்பில் முன்பக்கம், அதாவது பிசினஸ் கிளாஸில், நிறையக் காலியாக இருந்தது. சீட்டுத் தேர்வு செய்யாமல் டிக்கெட் வாங்கியவர்கள் அதில் தெரிய மாட்டார்கள் என்பதால் அதை முழுசாக நம்ப முடியாது, இருந்தாலும் ஒரு தைரியம்.

கார்டு விவரம் அப்போதே கேட்பார்கள், ஏற்றுக்கொண்டால்தான் பணம் எடுப்பார்கள். கெடு முடியும்வரை தொகையை மாற்றலாம், வாபஸும் வாங்கலாம். அதன்பிறகு சும்மா இருக்க வேண்டியதுதான். கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் முதலில் வங்கியிலிருந்து பணம் எடுத்த எஸ்எம்எஸ் வந்தது, வாழ்த்து மெயில் அதற்கு அப்புறம்தான்.

ஏலத்தை உறுதி செய்வதற்கு முன் விதிமுறைகளில் சில விஷயங்களைத் தேடிப் படித்துவிடுங்கள். எகானமியில் காசு கொடுத்து ஜன்னல் சீட்டு எடுத்திருந்தால் அந்தக் காசு பல இடங்களில் திரும்ப வராது. எங்கள் டிக்கெட்டில் மைலேஜ், அதாவது அடிக்கடி பறப்பவர்களுக்கு நிறுவனம் தரும் பாயின்ட், பழைய எகானமி கணக்கிலேயே ஏறியது. லக்கேஜ் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏற்கெனவே சொல்லிவைத்த சைவச் சாப்பாடு புதிய வகுப்புக்குத் தானாக மாறும் என்று நம்பாமல் போன் செய்து மறுபடி சொன்னோம்.

திரும்பும்போதும் அதே வரம்பில்தான் கேட்டேன். "இந்த முறை இயலவில்லை" என்று மெயில் வந்தது, கார்டில் ஒன்றும் எடுக்கவில்லை. செக்-இன் கவுன்டரில் ஒரு சீட்டு மிச்சம் இருக்கிறது, நிலையான விலைக்குத் தருகிறோம் என்றார்கள். நான் ஏலத்தில் கேட்டதைவிட அது அதிகம், அதுவும் ஒருவருக்குத்தான். இரண்டு பேரும் பின்னாலேயே உட்கார்ந்து வந்தோம்.