மண்டைக்காட்டில் ஒரு மண்டையப்பம்

குமரி மாவட்டத்து மண்டைக்காட்டு பகவதி அம்மனுக்குச் சிற்பி செதுக்கிய திருமேனி கிடையாது. கருவறையில் இருப்பது புற்று. சுமார் 15 அடி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. அதன் மேல் அம்மனின் முகம். மேய்ச்சலுக்கு வந்த பிள்ளைகள் விளையாடும்போது புற்றில் அடிபட்டு ரத்தம் வழிந்ததாகவும், சந்தனம் அரைத்துப் பூசியதும் நின்றதாகவும் எங்கள் பக்கம் கதை சொல்வார்கள். தீராத தலைவலி என்றால் இந்த அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொள்வது வழக்கம். அரிசி மாவும் வெல்லமும் பயறும் சேர்த்து, தலை வடிவத்தில் செய்கிற அப்பம்.

எங்கள் வீட்டு நேர்ச்சை அம்மாவின் மண்டையிடிக்காக. பதவி உயர்வோடு எனக்குக் கோயம்புத்தூருக்கு மாறுதல் உத்தரவு வந்த அன்று சாயங்காலம் அது தொடங்கியது. ஸ்கேன் எடுத்தோம், கண்ணாடி மாற்றினோம், ஒன்றும் அகப்படவில்லை. இதற்கு முன்னாலும் வந்திருக்கிறது. என்னைப் பெண் பார்க்க வருகிற நாட்களில் வரும். தோழிகளோடு மூணாறு போகப் பையில் துணி அடுக்கிய ராத்திரி வந்தது. “நீ போ மக்ளே, நான் இப்பிடிக் கெடந்துக்கிடுவேன்” என்பாள். அதற்குப் பிறகு யார் போவார்கள்?

அம்மா நடிக்கிறாள் என்று சித்தி சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. வலி வந்தால் அவளுக்கு முகம் வெளிறிவிடும், சோறு இறங்காது. வலி நிஜம்தான். அது நாள் பார்த்து வருவதும் நிஜம்தான்.

நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, காற்று அடிக்கும் என்று ஜன்னலை அம்மாவே இறக்கிவிட்டாள். திங்கள்சந்தை தாண்டும்போது கன்னியாகுமரி அம்மன் கதையை எடுத்தாள். அது அவளுடைய பழைய வழக்கு. சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகக் கிளம்பிய தாணுமாலயனை, வழுக்கம்பாறையில் சேவல் மாதிரிக் கூவி நாரதர் திருப்பி அனுப்பினார். முகூர்த்தம் தப்பியது, கல்யாணம் நின்றது, ஆக்கி வைத்திருந்த அரிசியெல்லாம் கடற்கரையில் மணலாகிப் போனது. “அவளே தனியாத்தான நிக்கியா, கேட்டியா. ஒனக்கு என்ன கொறச்சல்? நான் இல்லியா?”

சின்ன வயதில் அந்தக் கதை எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது கேட்டால் நாரதர் மேல்தான் கோபம் வருகிறது. பாணாசுரனைக் கன்னி ஒருத்திதான் கொல்ல முடியும். அதனால் அவள் கன்னியாகவே நிற்பது தேவர்களுக்கு வேண்டியிருந்தது. சேவல் கூவியது அவர்களுக்காக. அவளிடம் ஒரு வார்த்தை யாராவது கேட்டார்களா? கோயில் கோபுரத்தைப் பார்த்தே கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊரில் இதையெல்லாம் சத்தமாகச் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. இறக்கிய ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கொடைத் திருவிழா நாள் இல்லாததால் கூட்டம் அளவாக இருந்தது. மாசிக் கொடை என்றால் பத்து நாளும் நிற்க இடம் கிடைக்காது. கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி, “அம்மே சரணம், தேவி சரணம்” என்று வருவார்கள். பெண்களின் சபரிமலை என்று இதற்குப் பெயர். கடைசி நாள் நள்ளிரவில் ஒடுக்கு பூஜை. நிவேதனப் பானைகளைத் தலையில் சுமந்து, மேலே வெள்ளைத் துணி மூடிச் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். அந்த நேரம் அத்தனை கூட்டமும் வாயைத் திறக்காது. அம்மாவுக்கு மிகவும் பிடித்த பூஜை அது. வீட்டில் அவளும் ஒரு ஒடுக்கு நடத்துவாள். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். பாத்திரம் வைக்கிற சத்தம்கூட இருக்காது. நான் ஆபீஸிலிருந்து மணிக்கொரு தரம் போன் அடித்துக்கொண்டே இருப்பேன். எடுக்க மாட்டாள். அவள் எடுக்கிற வரைக்கும் எனக்கு வேலை ஓடாது.

கோயில் வளாகத்தில் பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் மூன்று கல் கூட்டினோம். அகப்பையை அம்மா என்னிடம் தரவில்லை. “புகை ஒனக்கு ஆவாது, தள்ளி இரி.” நாற்பதை நெருங்குகிற ஆபீசர் தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்து அடுப்புக்காரப் பெண் தன் மகளை விறகு தள்ளச் சொல்லிவிட்டு யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது இருக்கும். பொங்கல் கொஞ்சம் அடிபிடித்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வழிபாட்டுச் சீட்டு வாங்கப் போனோம். மண்டையப்பம் என்றதும் உள்ளே இருந்தவர், “பேரு, நட்சத்திரம்?” என்றார். நான் அம்மாவின் பேரைச் சொன்னேன். அதே நேரம் அம்மா என் பேரைச் சொன்னாள்.

“யாருக்கும்மா தலைவலி?”

“எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல” என்றாள் அம்மா. “இவளுக்குத்தான் மண்டைக்குள்ள ஒரே ஓட்டம். ஊரு விட்டு ஊரு போணுமாம்.”

“அம்மாவுக்குத்தான் அண்ணே. அவங்களுக்காகத்தான் நேர்ந்தது.”

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, “ரெண்டு பேருக்கும் எழுதிருங்க சாமி, எங்களுக்கு பஸ் போயிரும்” என்றாள். அப்படியே ஆனது. என் சீட்டுக்கு அம்மா காசு கொடுத்தாள், அம்மாவின் சீட்டுக்கு நான் கொடுத்தேன்.

சன்னதியில் சந்தனக் காப்பு. விளக்கு வெளிச்சத்தில் முகம் மட்டும் தெரிந்தது. அம்மாவின் தலைவலி தீர வேண்டும் என்று கும்பிட ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை நின்றது. நிஜமாகவே தீர்ந்துவிட்டால்? அப்புறம் எதைச் சொல்லி நான் ஊரிலேயே இருப்பேன்? பெண் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியபோது எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. மூணாறு போகாத அந்த ராத்திரி அம்மாவின் காலடியில் படுத்து நன்றாகத் தூங்கினேன். அவள் வலியைப் பிடித்துக்கொண்டு நானும்தான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன். அம்மனிடம் புதிதாக என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்கத் தொடங்கியதை மட்டும் முழுதாகச் சொல்லி முடித்தேன். தீரட்டும்.

கோயிலை விட்டால் கொஞ்ச தூரத்தில் கடல். அம்மா கால் நனைக்கப் போனாள். திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் சிலர் இருந்தார்கள். பாதி மலையாளத்தில் அவர்களோடு பேச்சு வளர்ந்துவிட்டது. நான் மணலில் உட்கார்ந்து என் அப்பத்தைத் தின்றேன். ஏலக்காய் தூக்கலாக இருந்தது. அலை பெரிதாக வந்தபோதெல்லாம் எழுந்து பார்த்தேன். அம்மா ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது கொஞ்சம் வலிக்கவும் செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில், சேலை ஓரத்து ஈரத்தைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: “கோயம்புத்தூர்ல மாசிக் கொடைக்கு லீவு விடுவாவளா?”

“இங்கதாம்மா உள்ளூர் விடுமுறை. அங்க கெடையாது. எழுதிக் குடுத்துதான் எடுக்கணும்.”

“அப்ப ஒடுக்குக்கு எழுதிக் குடு. மொத நாளே வந்துரு” என்றாள்.