கையேட்டை விக்கிக்கு மாற்றினேன்: நான்கு மாதக் குறிப்பு

புகைப்படங்களை எடுத்த தேதிப்படி பெயர் மாற்றி அடுக்கும் சின்னக் கட்டற்ற மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறோம். அதன் கையேடு மூலநிரலோடு சேர்ந்து கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி, Git) இருந்தது. அதில் ஒரு கட்டளை தவறாக இருந்து, எட்டு மாதம் அப்படியே கிடந்தது. பலர் கவனித்திருக்கிறார்கள். ஆனால் ஓர் எழுத்தைத் திருத்த ஃபோர்க் செய்து, கிளை பிரித்து, கமிட் போட்டு, புல் ரிக்வெஸ்ட் அனுப்பி, நான் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? சரி, உலாவியிலேயே யாரும் திருத்தக்கூடிய விக்கிக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தேன்.

விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கிக்குத் தரவுத்தளம் வேண்டும். முப்பது பக்கக் கையேட்டுக்கு அது அதிகம் என்று தோன்றியதால் தரவுத்தளம் கேட்காத டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருளை நிறுவினேன். ஒவ்வொரு பக்கமும் வெறும் உரைக் கோப்பு. கோப்புறையை நகலெடுத்தால் காப்புப் பிரதி தயார்.

முதல் வாரம்

தமிழ்த் தலைப்பில் மாட்டிக்கொண்டேன். 'விண்டோஸில் முதல்முறை நிறுவும்போது வரும் சிக்கல்கள்' என்று ஒரு பக்கம் தொடங்கினால் சேமிக்கவே மறுத்தது. காரணம் தேட ஒரு மாலை போயிற்று. இந்த விக்கி பக்கத்தின் பெயரையே கோப்புப் பெயராக்குகிறது. ஆங்கிலமல்லாத எழுத்துகளை இயல்பமைப்பில் %E0 போன்ற விழுக்காட்டுக் குறிகளாக மாற்றிவிடுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் தமிழ் எழுத்துக்கு 3 பைட். ஒவ்வொரு பைட்டும் 3 குறிகளாகும்போது 9. கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'நிறுவுதல்' என்ற ஒரே சொல் 81 இடத்தை விழுங்கியது. லினக்ஸில் கோப்புப் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். என் நீளத் தலைப்பு எங்கே நிற்கும்?

கோப்புப் பெயரின் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று அமைப்பில் மாற்றியதும் எழுத்துக்கு 3 பைட்டோடு முடிந்தது. ஆனால் அதற்குள் ஏற்றியிருந்த பக்கங்கள் பழைய பெயரிலேயே இருந்ததால் விக்கியின் கண்ணில் படாமல் போய்விட்டன. நான்கையும் கையால் பெயர் மாற்றினேன். தமிழ்த் தலைப்பு வைக்கப்போகிறவர்கள் முதல் பக்கத்தை எழுதும் முன்பே இதை மாற்றிவிடுங்கள்.

ஐந்தாவது வாரம்

ஒருவர்கூட எதையும் தொடவில்லை. வார்ட் கன்னிங்ஹாம் 1995-ல் முதல் விக்கியைத் தொடங்கியபோது, 'விரைவு' என்று பொருள்படும் ஹவாய்ச் சொல்லைப் பெயராக எடுத்தாராம். எங்கள் விக்கியோ ஆணி அடித்தாற்போல் நின்றது.

தப்பு என்னுடையதுதான். முதல் நாளே எல்லாப் பக்கத்தையும் வழவழவென்று முடித்து வைத்திருந்தேன். கூட்டிப் பெருக்கிக் கோலமும் போட்டு வைத்த வாசலில் கால் வைக்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அப்புறம் முகப்புப் பக்கத்தில் இன்னும் எழுதாத ஆறு பக்கங்களுக்கு இணைப்பு மட்டும் கொடுத்தேன். இல்லாத பக்கத்தின் இணைப்பு சிவப்பாகத் தெரியும். இரண்டு பக்கங்களில் 'மேக்கில் இது எப்படி என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர் எழுதவும்' என்று உள்ளதை உள்ளபடி போட்டேன். நான்காம் நாள் முதல் திருத்தம் வந்தது: விண்டோஸ் பாதையில் நான் சாய்கோட்டைத் தலைகீழாகப் போட்டிருந்ததை ஒருவர் மாற்றியிருந்தார். கூடவே கேசினோ விளம்பரமும் வந்தது. இருக்கும் பக்கத்தைத் திருத்தும் உரிமையும் புதுப் பக்கம் தொடங்கும் உரிமையும் இதில் தனித்தனி. முதலாவதை எல்லாருக்கும் விட்டுவிட்டு இரண்டாவதைப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஆக்கினேன். புதுப் பக்கங்களாக வந்த குப்பை நின்றது. மிச்சத்தைப் பழைய பதிப்புக்கு மீட்டுவிடுவேன். அரை நிமிட வேலை.

மூன்றாவது மாதம்

இந்த மாதம்தான் உண்மையான பாடம். ஒரே வரியை இருவர் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் அழிப்பார். மறுநாள் அவர் திரும்ப எழுதுவார். திருத்தச் சுருக்கத்தில் 'இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன், இதுதான் சரி' என்று இருவருமே எழுதியிருந்தார்கள். சண்டைக்காரர்கள் என்று நினைத்து வரலாற்றைத் திறந்து பார்த்தால், இருவர் சொன்னதும் சரி! ஒருவரிடம் இருப்பது எங்கள் மென்பொருளின் 1.4 பதிப்பு, இன்னொருவரிடம் 2.0. அந்த வரியில் இருந்தது கட்டளையோடு சேர்த்துத் தரும் ஒரு விருப்பம் (option). இடையில் அதன் பெயரை மாற்றிய ஆள் நான். பக்கத்தில் அதைக் குறிக்காமல் விட்டவனும் நானே.

முதலில் பதிப்புக்கு ஒரு பெயர்வெளி, அதாவது பக்கங்களுக்குத் தனிப் பிரிவு, என்று பிரித்தேன். இரண்டே வாரத்தில் அது கசந்தது. நிறுவும் முறையில் ஒரு பிழை என்றால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். திருத்துபவர் தன் பதிப்பின் பக்கத்தை மட்டும் திருத்திவிட்டுப் போவார். மறுபடி ஒன்றாக்கினேன். இப்போது ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வரி: 'கடைசியாகச் சரிபார்த்தது: 2.1, லினக்ஸ்'. செய்து பார்த்தவர் மட்டுமே அதை மாற்றலாம். எழுத்துப்பிழை திருத்தியவர் அதைத் தொடக்கூடாது. எழுதத் தயங்குகிறவர்கள்கூட இந்த வரியை மாற்றிவிட்டுப் போகிறார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் விக்கித்தனத்திலிருந்து விலக்கினேன். எல்லா விருப்பங்களின் பட்டியல் இப்போது மென்பொருளின் உதவிச் செய்தியிலிருந்து தானாக உருவாகிறது. படிக்க மட்டும்தான் முடியும். நிரல் தானே சொல்லக்கூடியதை மனிதர்களை விட்டு எழுதவைத்தது வீண்வேலை. ஏன் இப்படிச் செய்ய வேண்டும், எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதெல்லாம்தான் அவர்கள் எழுத வேண்டியவை.

இப்போது

41 பக்கங்கள். அவற்றில் 9-ல் 'சரிபார்த்தது' வரி இன்னும் காலி. ஆறு சிவப்பு இணைப்புகளில் நான்கு நிறம் மாறிவிட்டன. அவற்றில் மூன்றை எழுதியவர்கள் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். அடுத்த வேலை பக்கங்களின் பெயர் மாற்றம். டோக்குவிக்கியில் அதற்கு உள்ளமைந்த வசதி இல்லை. புதுப் பெயரில் நகலெடுத்து ஒட்டினால் யார் எதைத் திருத்தினார் என்ற வரலாறு பழைய பக்கத்தோடு நின்றுவிடும். அதற்கென்று ஒரு செருகுநிரல் இருக்கிறது. நேரடி விக்கியில் கை வைக்கும் முன், கோப்புறையின் நகல் ஒன்றில் இந்த ஞாயிறு ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.